சிவப்பு வட்டமும் ரெக்கார்டு பட்டனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு லேப்டாப், இரண்டு மைக் சொருகும் ஆடியோ பாக்ஸ், ஒரு ஹெட்போன். இதை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் வீட்டு அறையிலேயே பதிவு செய்கிறவர்கள் உண்டு. வில்லுப்பாட்டுக் குழு, சர்ச் பாடகர் குழு, நையாண்டி மேளத்துப் பையன்கள், குறும்படத்துக்கு டப்பிங் பேசுகிறவர்கள் என யார் வந்தாலும் முதல் நாள் சந்தேகம் ஒன்றுதான்: பட்டனை அமுக்கியாச்சு, ஏன் ஏறவில்லை? திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறோம். சாவிகளும் படிகளும் விண்டோஸில் ஓடும் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுக்கு உரியவை. மற்ற மென்பொருள்கள் மாறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

1. ஆர்ம், ஆர்ம்னு சொல்லுதாங்களே, அப்படின்னா என்ன? ரெக்கார்டு பட்டன் ஒண்ணு பத்தாதா?

ரெக்கார்டு பட்டன் 'எப்போது' என்று மட்டும் சொல்லும். 'எதில்' என்று சொல்வது ஆர்ம். ஒவ்வொரு டிராக்கின் (ஒரு ஒலிக்கு என்று ஒதுக்கிய வரிசையின்) இடப்பக்கமும் ஒரு சிறு வட்டம் இருக்கும், தொட்டால் சிவக்கும். சிவந்த டிராக்கில் மட்டும் ஒலி எழுதப்படும். சிவக்காதவை அந்த நேரத்தில் சும்மா ஒலித்துக்கொண்டிருக்கும்.

இது டேப் காலத்து ஏற்பாடு. 24 டிராக் டேப் மெஷினில் ஒரு டிராக்கின் மேல் புதிதாகப் பதிந்தால் முன்பு இருந்தது போயே போய்விடும். அதனால் டிராக்குக்கு ஒரு சுவிட்ச் வைத்து, 'இதில் எழுதலாம்' என்று கை வைத்துச் சொன்ன பிறகுதான் மெஷின் எழுதியது. கணினியில் பழையது அப்படி அழிவதில்லை (10-ஆம் கேள்வி). ஆனாலும் அந்தச் சுவிட்ச் நிலைத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. எட்டு மைக் சொருகியிருந்தாலும் உடுக்கையை மட்டும் மறுபடி எடுக்க வேண்டிய நேரம் வரும்.

மூன்றாவதாக மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. பாடுகிறபோது உங்கள் குரல் உங்கள் காதுக்கு வருமா, எந்த வழியாக வரும் என்பது அது. ஆர்ம் வேறு, ரெக்கார்டு வேறு, மானிட்டர் வேறு. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிறவை.

2. முதல்ல இருந்து வரிசையா சொல்லுங்க. எதை எப்ப அமுக்கணும்?

முதலில் கண்ட்ரோல் + எஸ் அடித்து, தனி ஃபோல்டரில் ப்ராஜெக்டைச் சேமியுங்கள். பாடி முடித்துச் சேமிக்கலாம் என்று விட்டால் ஃபைல் எங்கோ போய் உட்காரும் (16-ஆம் கேள்வி). பிறகு கண்ட்ரோல் + டி (T); புது டிராக் வரும். உடனே அதற்குப் பெயர் வையுங்கள். பதிவாகும் ஃபைலின் பெயரில் டிராக்கின் பெயரும் சேரும் என்பதால், 'குரல் 1', 'உடுக்கை' என்று முன்பே எழுதினால் பிற்பாடு தேட வேண்டாம்.

அடுத்து வட்டத்தைத் தொட்டுச் சிவக்க வையுங்கள். அதன்மேல் வலது கிளிக் செய்தால் இன்புட் பட்டியல் வரும். ஒரு மைக் என்றால் மோனோவில் இன்புட் 1. ஒரு வரி பாடச் சொல்லி மீட்டர் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கண்ட்ரோல் + ஆர். முடிந்ததும் ஸ்பேஸ் சாவி. வருகிற பெட்டியில் சேமிப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக வட்டத்தை அணையுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

3. சிவப்பு பட்டனை அமுக்குதேன், கோடும் ஓடுது. ஆனா ஒண்ணுமே ஏற மாட்டேங்கு, ஏன்?

நீங்கள் அமுக்கியது மேலே அல்லது கீழே இருக்கும் பொது ரெக்கார்டு பட்டன். டிராக்கின் வட்டம் சிவக்கவில்லை. எழுதச் சொல்லியாச்சு, எழுத இடம் கொடுக்கவில்லை. புரோ டூல்ஸ் இந்த நிலையில் எச்சரிக்கை காட்டும். லாஜிக்கில் எதுவும் ஆர்ம் ஆகாவிட்டால் தேர்ந்திருக்கும் டிராக்கிலேயே பதியும். லாஜிக்கில் பழகிவிட்டு வேறு மென்பொருளுக்கு வருகிறவர்கள் இதில்தான் முதலில் இடறுவார்கள்.

வட்டம் சிவந்திருந்தும் ஏறவில்லையா? வலது கிளிக் பட்டியலில் பதியும் விதம் 'இன்புட் மானிட்டரிங் மட்டும்' என்று மாறிக் கிடக்கலாம். அதுவும் இல்லையென்றால் பஞ்ச் நிலை, அதாவது குறித்த பகுதிக்குள் மட்டும் பதியும் நிலை, போடப்பட்டிருக்கும். 12-ஆம் கேள்விக்குப் போங்கள்.

4. ஆர்ம் ஆயிருக்கு, பதிவும் ஓடுது, ஆனா அலையே இல்ல. நேர் கோடா வருதே?

ஒலி வரும் பாதையில் மைக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பட்டன் (மைக்குக்கு மின்சாரம் கொடுப்பது) போட்டிருக்கிறதா? டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. பாக்ஸில் கெயின் குமிழைத் (மைக் ஒலியைப் பெருக்குவது) திருகினால் அதன் விளக்கு எரிகிறதா? எரிந்தால் குறை பாக்ஸுக்கு இந்தப் பக்கம், லேப்டாப்பில். எரியாவிட்டால் மைக், கேபிள், பேன்டம் இவற்றில் ஒன்று.

லேப்டாப் பக்கம் மூன்று இடம். பிரிஃபரன்சஸில் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் உங்கள் பாக்ஸின் ஏசியோ (ASIO) டிரைவர், அதாவது பாக்ஸையும் ரீப்பரையும் இணைக்கும் மென்பொருள், தேர்வாகியிருக்க வேண்டும். லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டு அல்ல. டிராக்கின் இன்புட் எண்ணும் மைக் சொருகிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏசியோ இல்லாமல் விண்டோஸ் வழியாக எடுக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பக்கத்தில் மைக்ரோபோன் அனுமதி அடைபட்டிருந்தாலும் இதே நேர் கோடுதான் வரும்.

5. மீட்டர் ஆடுது, பதிவும் ஆகுது. ஹெட்போன்ல மட்டும் என் குரல் கேக்க மாட்டேங்கு.

மானிட்டர் அணைந்திருக்கிறது. டிராக்கில் ஸ்பீக்கர் படம் போட்ட பட்டன் இருக்கும். அதற்கு மூன்று நிலை: அணைந்தது, எப்போதும் கேட்பது, டேப் மாதிரி தானாக மாறுவது. பாக்ஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு சுவிட்சோ குமிழோ இருந்தால் அதுவும் ஒரு வழி. அதில் குரல் கணினிக்குள் போகாமல் பாக்ஸிலிருந்தே நேராகக் காதுக்கு வரும்.

இரண்டில் எதைப் போட்டாலும் பதிவு மாறாது. காதில் கேட்காமலும் பதிவு ஆகும், பதிவு ஆகாமலும் காதில் கேட்கும்.

6. எனக்கு கேக்குது, ஆனா ரெண்டு தடவ கேக்குது. கிணத்துக்குள்ள பாடுத மாதிரி இருக்கு.

இரண்டு வழியையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். டைரக்ட் மானிட்டர் வழியாகக் குரல் உடனே வருகிறது. மென்பொருள் வழியாகச் சற்றுப் பிந்தி வருகிறது. ஒன்றை அணையுங்கள். சாதாரண லேப்டாப் என்றால் டைரக்டை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பட்டனை அணைப்பதே எங்கள் சிபாரிசு.

எவ்வளவு பிந்தும் என்பது பஃபரைப் பொறுத்தது. லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளை (ஒலியின் சிறு துணுக்கை) சேர்த்து வாங்குகிறது என்பதே பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக் கணக்கு. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, பாக்ஸின் சொந்தத் தாமதம் என்று கூடும்போது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். மென்பொருள் வழியாகத்தான் கேட்டாக வேண்டும் என்றால் 128-க்கு இறக்குங்கள். பதிவில் 'டக் டக்' என்று வெடிப்பு வந்தால் லேப்டாப்பால் முடியவில்லை என்று பொருள், 256-க்கு ஏற்றுங்கள். மிக்ஸிங் செய்யும்போது 1024 இருந்தாலும் கெடுதல் இல்லை.

புளூடூத் ஹெட்போன் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அதன் தாமதம் பாட்டைக் குலைக்கும் அளவு பெரியது. பதிவுக்கு ஒயர் ஹெட்போன்தான்.

7. ஆர்ம் பண்ணதும் ஸ்பீக்கர் 'கீ...'ன்னு கத்துது.

கோயில் கொடையில் மைக் செட்காரர் ஓடிப்போய்த் திருகுகிற அதே ஊளைதான். மைக் கேட்பதை ஸ்பீக்கர் சொல்ல, ஸ்பீக்கர் சொல்வதை மைக் மறுபடி கேட்கிறது. மைக் இருக்கும் அறையில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனுக்கு மாறுங்கள்.

8. லெவல் எவ்வளவு வைக்கணும்? ஃபேடரை ஏத்தினா பதிவும் சத்தமா வருமா?

வராது. ஆர்ம் செய்த டிராக்கின் ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) காதுக்கு வரும் அளவை மட்டும் மாற்றும். எழுதப்படும் அளவைத் தீர்மானிப்பது பாக்ஸின் கெயின் குமிழ். ஃபேடரை இறக்கிவிட்டால் உடைசல் போய்விடும் என்று நினைப்பதும் இதே தவறு. உடைந்து ஏறியது உடைந்ததுதான்.

24 பிட்டில் சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கமும், உச்சம் மைனஸ் 10 பக்கமும் நின்றால் போதும். உடுக்கை, குடம், மகுடம் மாதிரித் தோலும் மண்ணும் பேசுகிற வாத்தியங்களில் அடி விழுந்த கணத்தில் முள் துள்ளும். கண்ணுக்குத் தெரியும் மீட்டரை நம்பாமல் இன்னும் 4, 5 டெசிபல் இறக்கி வையுங்கள். வில்லுப்பாட்டில் வேறு ஒரு கணக்கும் உண்டு. காப்புப் பாடும்போது வைத்த கெயின், சாமி வருகிற கட்டத்தில் தாங்காது. சோதனைக்குப் பாடச் சொல்கிறபோது ஆரம்ப வரிகளைப் பாடச் சொல்லாதீர்கள். கதையில் உச்சமான இடத்தைப் பாடச் சொல்லி அதற்கு வையுங்கள்.

9. ரெண்டு இன்புட் பாக்ஸ்தான் இருக்கு. வில்லு, குடம், உடுக்கை, ஜால்ரா, பாட்டு எல்லாத்தையும் எப்படி எடுக்க?

ஒரே நேரத்தில் எத்தனை டிராக்கை வேண்டுமானாலும் ஆர்ம் செய்யலாம், ஆனால் தனித்தனி ஒலி இரண்டுதான் கிடைக்கும். ஐந்து டிராக்கை இன்புட் 1-க்கு வைத்தால் ஒரே ஒலியின் ஐந்து நகல் வரும். ஆகவே வழி இரண்டு: எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு மைக்கில் எடுப்பது, அல்லது இரண்டிரண்டாக அடுக்குவது, அதாவது ஓவர்டப்.

வில்லுப்பாட்டுக்கு முதல் வழியைச் சொல்வோம். பாடுகிற புலவரே வீசுகோலால் வில்லை அடிக்கிறார். வில் குடத்தோடு சேர்ந்தே நிற்கிறது. இவற்றைப் பிரித்தெடுக்க நினைப்பது வீண் வேலை. பின்பாட்டும் 'ஆமா' போடுவதும் புலவரின் முகத்தைப் பார்த்து வருகிறவை; ஹெட்போனில் கேட்டு 'ஆமா' போட்டால் அதில் உயிர் இருக்காது. ஒரு மைக் புலவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், இன்புட் 1. இன்னொன்று குடத்துக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் நடுவே, இன்புட் 2. இரண்டு மோனோ டிராக், இரண்டும் ஆர்ம், ஒரே ரெக்கார்டு. உடுக்கை பற்றவில்லை என்றால் அதை மட்டும் பிறகு அடுக்கலாம். கணியான் கூத்து மகுடமும் இப்படித்தான்: உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களும் ஒன்றுக்கொன்று பதில் பேசுகிறவை, தனித்தனியாக எடுத்தால் பேச்சு அறுந்துவிடும். மகுடத்துக்கு ஒரு மைக் என்று வைத்து ஒரே டேக்கில், அதாவது ஒரே தடவைப் பதிவில், எடுங்கள்.

சர்ச் கீர்த்தனைக்கு அடுக்குவது நன்றாக வரும். முதலில் கீபோர்டு ஸ்டீரியோவாக (இன்புட் 1, 2 சேர்ந்து), பிறகு சோப்ரானோ, ஆல்ட்டோ என்று குரல் குரலாக. தாளம் கிளிக்கில் நிற்கிற பாட்டு என்பதால் அடுக்கு விலகாது.

10. ரெண்டாவது அடுக்கு பாடும்போது முதல் அடுக்கு அழிஞ்சு போச்சு அண்ணாச்சி!

அழியவில்லை, ஒளிந்திருக்கிறது. முதல் டிராக்கின் வட்டத்தை அணைக்காமல் விட்டதால் (2-ஆம் கேள்வியின் கடைசிப் படி) புதிய பதிவு அதன் மேலும் ஏறிவிட்டது. ரீப்பர் பழையதைத் தூக்கிப் போடாமல் அதே இடத்தில் இன்னொரு டேக்காக வைத்திருக்கும். அந்தத் துண்டைத் தொட்டு டி (T) சாவியை அடித்தால் டேக் மாறும். அல்லது கண்ட்ரோல் + இசட் அடித்துப் பின்னுக்குப் போகலாம்.

ஆபிள்டன் லைவில் இந்த விபத்து குறைவு. ஒரு டிராக்கை ஆர்ம் செய்தால் மற்றது தானாக அணையும்படிதான் அது வரும். இரண்டு வேண்டுமென்றால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு தொட வேண்டும். அங்கே வரும் புகார் நேர் எதிர்: 'ரெண்டாவது மைக்கை ஆர்ம் பண்ணேன், முதல் மைக் பதிவாகல.' காரணம் இதுதான்.

11. நான் தொடவே இல்ல, டிராக் தானா சிவக்குது. பேய் பிடிச்சிருக்கா?

தேர்ந்தெடுத்தாலே ஆர்ம் ஆகும் வசதியை யாரோ போட்டிருக்கிறார்கள். ரீப்பரில் வட்டத்தின் வலது கிளிக் பட்டியலில் இருக்கும். கியூபேஸிலும் பிரிஃபரன்சஸில் உண்டு. தனி ஆளாக உட்கார்ந்து பாடுகிறவருக்கு இது ஒரு கிளிக் மிச்சம். பத்து டிராக் அடுக்கி வைத்திருக்கும் ப்ராஜெக்டில் வேண்டாம். ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு டிராக்கைத் தொட்டாலே அது சிவந்து நிற்கும்.

12. பாட்டு பூரா நல்லா வந்துட்டு, ஒரே ஒரு வரி பிசகிட்டு. அதை மட்டும் எப்படி எடுக்க?

பஞ்ச் என்பது இதற்குத்தான். பிசகிய வரியைச் சுட்டியால் இழுத்து நேரத் தேர்வாக வையுங்கள். பொது ரெக்கார்டு பட்டனை வலது கிளிக் செய்து, நேரத் தேர்வுக்குள் மட்டும் பதியும் நிலையைப் போடுங்கள். டிராக்கை ஆர்ம் செய்து, மானிட்டர் பட்டனை டேப் மாதிரி மாறும் நிலையில் வையுங்கள். ஓடும் கோட்டை இரண்டு வரி முன்னால் கொண்டுபோய் கண்ட்ரோல் + ஆர். பாடகர் பழைய பதிவோடு சேர்ந்தே பாடிக்கொண்டு வரட்டும். தேர்வுக்குள் நுழைந்ததும் எழுதத் தொடங்கி, வெளியேறியதும் தானே நின்றுவிடும். பிசகிய சொல்லில் மட்டும் சேர்ந்து பாடச் சொன்னால் மூச்சும் குரலின் பருமனும் ஒட்டாது.

எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்தேர்ச்சி. வரிக்கு முந்திய மூச்சுக்குச் சற்று முன்னால் தொடங்குங்கள், புது மூச்சும் சேர்ந்து வரட்டும். மூச்சின் நடுவில் வெட்டினால் விக்கல் மாதிரிக் கேட்கும். தாள வாத்தியத்தில் அடி விழுவதற்கு மயிரிழை முன்னால் வெட்டுங்கள்; முந்திய அடியின் கார்வையை அடுத்த அடி மறைத்துவிடும். குரலும் வில்லும் ஒரே அறையில் எடுத்த பதிவு என்றால் (9-ஆம் கேள்வி) குரலை மட்டும் பஞ்ச் செய்ய முடியாது. ஒரு மைக்கில் பாடினது மற்ற மைக்கிலும் கசிந்திருக்கும், பிசகு அங்கேயும் கேட்கும். இரண்டு டிராக்கையும் ஆர்ம் செய்து எல்லோரையும் அந்த வரியைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

முடிந்ததும் அதே வலது கிளிக்கில் சாதாரண நிலைக்குத் திருப்புங்கள். திருப்ப மறந்தால் அடுத்த பாட்டு ஓடும், வட்டம் சிவந்திருக்கும், மீட்டர் ஆடும், ஆனால் தேர்வுக்கு வெளியே ஒரு சொல்லும் ஏறாது. 3-ஆம் கேள்வியைக் கேட்டு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் விழுகிற குழி இது.

13. கிளிக் போடணுமா? எத்தனை எண்ணிட்டு ஆரம்பிக்கும்?

மெட்ரோனோம் பட்டனை வலது கிளிக் செய்தால் கவுன்ட்-இன் அமைப்பு இருக்கும். ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) போதும். மெதுவான கீர்த்தனைக்கு இரண்டு. கவுன்ட்-இன் வெறும் கிளிக்கை எண்ணிவிட்டுத் தொடங்கும். அங்கேயே இருக்கும் ப்ரீ-ரோல் முன்பு பதிந்த பாட்டைச் சற்றுப் பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டு வரும். பஞ்சுக்கு ப்ரீ-ரோல், முதல் டேக்குக்குக் கவுன்ட்-இன்.

கிளிக்கை மூடாத ஹெட்போனில் உரக்க வைத்தால் மைக்குக்குள் கசியும். மெல்லிய தாலாட்டில் அது கடைசிவரை 'டிக் டிக்' என்று நிற்கும். வில்லுக்கும் மகுடத்துக்கும் கிளிக்கே வேண்டாம். கதை சூடாகும்போது காலம் முந்துவது அதன் இயல்பு.

14. ரிவெர்ப் போட்டுக்கிட்டுப் பாடினேன். அது ஃபைல்ல சேர்ந்து ஏறிடுமா?

டிராக்கின் சாதாரண எஃபெக்ட் வரிசையில் போட்டிருந்தால் ஏறாது. காதுக்கு மட்டும் ரிவெர்ப் (எதிரொலி), ஃபைலில் காய்ந்த குரல். பிறகு கூட்டலாம், குறைக்கலாம், எடுத்தே விடலாம். இன்புட் எஃபெக்ட் என்று வட்டத்தின் வலது கிளிக் பட்டியலில் இன்னொரு வரிசை உண்டு. அதில் போட்டால் குரலோடு கலந்து எழுதப்படும், பிரிக்க முடியாது. எது எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவரை இன்புட் வரிசையைத் தொடாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். ரிவெர்ப் கேட்க வேண்டுமானால் குரல் மென்பொருள் வழியாக வர வேண்டும். டைரக்ட் மானிட்டரில் கேட்காது. ஆகவே 6-ஆம் கேள்வியின் பஃபர் கணக்கு திரும்பவும் வரும்.

15. நிறுத்தினதும் ஒரு பெட்டி வந்துச்சு, அவசரத்துல ஏதோ அமுக்கிட்டேன். பாட்டையே காணோம்.

சேமி, அழி என்று கேட்கும் பெட்டி அது. அழிப்பதை அமுக்கினால் ஃபைல் டிஸ்கிலிருந்தே போகும். கண்ட்ரோல் + இசட் கொண்டுவராது. பதிவு நாளில் எது வந்தாலும் 'எல்லாவற்றையும் சேமி' மட்டும்தான், கழிப்பதை மறுநாள் ஆற அமரச் செய்யலாம். பெட்டியே வேண்டாமென்றால் பிரிஃபரன்சஸில் ரெக்கார்டிங் பக்கத்தில் நிறுத்தும்போது கேட்பதை அணைத்துவிடுங்கள்.

16. ஃபைல் எங்க போய் உக்காருது? எவ்வளவு இடம் பிடிக்கும்?

ப்ராஜெக்டைச் சேமிக்காமல் பதிந்தால் டாக்குமென்ட்ஸுக்குள் 'ரீப்பர் மீடியா' என்ற ஃபோல்டரில் இருக்கும். சேமித்திருந்தால் ப்ராஜெக்டோடு இருக்கும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி, மணிக்கு சுமார் 518 எம்பி. எட்டு டிராக்கை ஆர்ம் செய்து ராத்திரி ஆறு மணி நேரம் கொடை பதிந்தால் 25 ஜிபி. தேவையில்லாத வட்டத்தை அணைப்பதில் இந்த லாபமும் உண்டு.

இங்கே இன்னொரு கண்ணி. பழைய பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன அளவில் ஒரு ஸ்டீரியோ ஃபைல் 4 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினால் அந்த எல்லையைத் தொடும். விடிய விடியப் பதிந்துவிட்டுக் காலையில் நகலெடுக்க மாட்டேன் என்று பென்டிரைவ் மறுக்கும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது இடைவேளையில் ஒரு தடவை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள்.

17. பாதில கரண்ட் போயிட்டு. பதிவு போச்சா?

லேப்டாப் பேட்டரியில் ஓடும், யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கிற பாக்ஸும் ஓடும். தனி அடாப்டர் வைத்த மிக்ஸர் மட்டும் அணையும். அதன் வழியாக வந்த மைக்குகள் அமைதியாகும், பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். மேசைக் கணினி அணைந்துவிட்டால்கூடப் பெரும்பகுதி டிஸ்கில் எழுதப்பட்டிருக்கும். ஃபைலின் தலைப்பகுதி நிறைவடையாததால் திறக்க மறுக்கலாம். அப்போது ஆடாசிட்டியில் இம்போர்ட், ரா டேட்டா என்று போய் 24 பிட், லிட்டில் எண்டியன், 48,000, மோனோ என்று கொடுத்துத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு இரைச்சல் இருக்கும், அதை வெட்டிவிடலாம்.

சார்ஜர் சொருகியதும் 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் எர்த் சரியில்லை. முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பதியும்போது சார்ஜரைக் கழற்றுங்கள்.

18. ஆடாசிட்டில அந்த வட்டமே இல்லையே?

அதில் ஆர்ம் செய்யும் ஏற்பாடு இல்லை. ஆர் சாவி அடித்தால் இருக்கிற டிராக்கின் முடிவில் தொடர்ந்து பதியும். ஷிஃப்ட் + ஆர் அடித்தால் புது டிராக்கில் பதியும். அடுக்கடுக்காகப் பாட ஷிஃப்ட் + ஆர் தான் வேண்டும், கூடவே ஓவர்டப் வசதியும் போட்டிருக்க வேண்டும். ஒரு குரல், ஒரு பேச்சு என்றால் ஆடாசிட்டி போதும். இரண்டு மைக்கை இரண்டு டிராக்கில் பிரித்து அடுக்க நினைத்தால் ரீப்பர் மாதிரி ஒன்றுக்கு வந்துவிடுங்கள். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம்.

எஃப்எல் ஸ்டூடியோவில் ஆர்ம் மிக்ஸரில் இருக்கிறது. மற்றவற்றில் ரெக்கார்டு சாவி: புரோ டூல்ஸில் எஃப்12, ஆபிள்டனில் எஃப்9, லாஜிக்கில் ஆர், கியூபேஸில் எண்பலகையின் நட்சத்திரக் குறி.

19. ஒத்திகைலதான் பிரமாதமா பாடுனாரு. ரெக்கார்டு போட்டதும் அது வர மாட்டேங்கு.

கீபோர்டு மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தச் சாவி எப்போது அமுங்கியது என்ற குறிப்பாக) இருந்தால் மீட்க வழி உண்டு. பட்டன் அமுக்காமல் வாசித்ததையும் ஆபிள்டன், கியூபேஸ், லாஜிக் நினைவில் வைத்திருந்து கேட்டால் தரும். குரலுக்கு அப்படி எல்லா இடத்திலும் கிடையாது. கியூபேஸில் ஆர்ம் செய்த டிராக்குக்குப் பட்டனுக்கு முந்திய சில விநாடிகளைப் பிடித்துவைக்கும் அமைப்பு இருக்கிறது, அதையும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

அதனால் பாய் விரித்து உட்கார்ந்ததுமே ஆர்ம் செய்து ஓட விடுங்கள். ஒத்திகையும் சேர்ந்துதான் பதிவாகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 16-ஆம் கேள்வியின் கணக்குப்படி இரண்டு மோனோ டிராக் அரை மணி நேரத்துக்கு 520 எம்பிகூட ஆகாது.

20. அடுக்கிப் பாடுனா ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் பின்னால உக்காருது. பாடுனவரு மேல தப்பா, மிஷின் மேல தப்பா?

எல்லா அடுக்கும் ஒரே அளவு பிந்தினால் மிஷின். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு என்றால் பாடியவர். ரீப்பர், டிரைவர் சொல்லும் தாமதத்தை நம்பி அந்த அளவுக்குப் பதிவை முன்னால் இழுத்து வைக்கும். சில டிரைவர்கள் சரியாகச் சொல்வதில்லை.

சோதிக்க ஒரு கேபிள் போதும். பாக்ஸின் பின்புற அவுட்புட்டிலிருந்து இன்புட் 1-க்கு லைன் நிலையில் இணையுங்கள். பேன்டத்தை அணையுங்கள். டைரக்ட் மானிட்டரையும் டிராக்கின் ஸ்பீக்கர் பட்டனையும் அணையுங்கள், இல்லாவிட்டால் 7-ஆம் கேள்வியின் ஊளை கேபிளுக்குள்ளேயே சுற்றும். ஒரு டிராக்கில் கூர்மையான கிளிக் ஒலி ஒன்றை வைத்து, இன்னொரு டிராக்கை ஆர்ம் செய்து பதியுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்து, எத்தனை சாம்பிள் தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள் ஒரு மில்லிசெகண்ட். அந்த எண்ணை பிரிஃபரன்சஸின் ரெக்கார்டிங் பக்கத்தில் கையால் கொடுக்கும் ஆஃப்செட் கட்டத்தில் போட்டு மறுபடி பதியுங்கள். தள்ளல் இரட்டித்துவிட்டால் கூட்டல் கழித்தல் குறியை மாற்றுங்கள். பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் இந்தச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

21. ஒரே லேப்டாப்ப நாலு பேரு தொடுதோம். முடிச்சு வச்ச டிராக்க யாரும் ஆர்ம் பண்ண முடியாதபடி பூட்ட முடியுமா?

புரோ டூல்ஸில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஆர்ம் பட்டனைத் தொட்டால் அந்த டிராக் பூட்டிக்கொள்ளும், பிறகு சிவக்காது. ரீப்பரில் 3-ஆம் கேள்வியில் குறையாகச் சொன்னதையே காவலாக வைக்கலாம்: முடிந்த டிராக்கின் பதியும் விதத்தை 'இன்புட் மானிட்டரிங் மட்டும்' என்று மாற்றி வையுங்கள். யார் சிவக்க வைத்தாலும் எழுதாது. மாற்றி வைத்ததை டிராக் பெயரிலேயே 'குரல் 1 முடிந்தது' என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வருகிறவர் 3-ஆம் கேள்வியோடு உங்களுக்குப் போன் செய்வார்.